கரண்ட் போனாலும் கமிட் போகக்கூடாது: வீட்டிலிருந்து வேலைபார்க்கும் டெவலப்பருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன வருஷம் ஐப்பசியில் ஒரு சாயங்காலம், ஐந்தரை மணி இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில், திருவட்டாறு பக்கம் ரப்பர் விளைக்கு நடுவில் எங்கள் வீடு. மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. தூரத்துச் சர்வர் ஒன்றில், பழைய டேட்டாபேஸ் அட்டவணையிலிருந்து புதியதற்கு வரிசைகளை நகர்த்தும் ஸ்கிரிப்டை ஓடவிட்டிருந்தேன். நாற்பது நிமிட வேலை. பாதியில் ஒரு இடி. கரண்ட் போனது, ரவுட்டர் அணைந்தது, சர்வரோடு பேசும் எஸ்எஸ்எச் திரை அப்படியே உறைந்து நின்றது. லைன் திரும்பி வந்து பார்த்தால் ஸ்கிரிப்டும் செத்திருந்தது. வரிசைகளில் பாதி இங்கே, பாதி அங்கே. எது நகர்ந்தது, எது நகரவில்லை என்று சரிபார்த்து முடிக்க ராத்திரி இரண்டு மணி ஆனது.

அதற்கப்புறம்தான் வீட்டு ஏற்பாட்டை அடியிலிருந்து மாற்றினேன். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழையில் இடி குறைவு. ஆனால் காற்றில் ரப்பர்க் கொம்பு முறிந்து கம்பிமேல் விழும். சித்திரை வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் மாலையானால் இடிதான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது எத்தனை மரமும் போஸ்டும் சாய்ந்தன, எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது இங்கே யாருக்கும் மறக்காது. கரண்ட் போவதையும் லைன் அறுவதையும் நம்மால் நிறுத்த முடியாது. அறுந்தால் வேலைக்கு ஒன்றும் ஆகாதபடி அமைத்துக்கொள்ள முடியும். அதற்குச் செய்யவேண்டியதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். கட்டளைகளை நாம் போனில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதுபோலத் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் மின்சாரம்

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கண்ணிமைப்பு ஃபேனுக்கும் லைட்டுக்கும் பொருட்டே இல்லை. ரவுட்டர் அணைந்து மறுபடி எழும்ப அதுவே போதும். எழும்பி லைன் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள், மாறும் நேரம் குறையும். அப்படியும் ரவுட்டர் அணைந்தால், அல்லது இன்வெர்ட்டரே இல்லை என்றால், ரவுட்டருக்கென்று விற்கும் மினி யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன் ரவுட்டரின் அடாப்டரைத் திருப்பி அதன் முதுகில் உள்ளதைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் என்றிருக்கும். 9 வோல்ட் ரவுட்டர்களும் உண்டு. வோல்ட் அச்சாகப் பொருந்த வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் சிறு படமும் அங்கேயே இருக்கும், அதுவும் ஒத்துப்போக வேண்டும். எவ்வளவு நேரம் தாங்கும் என்பது எளிய கணக்கு. 3.7 வோல்ட், 2000 மில்லியாம்பியர்-மணி செல் மூன்று உள்ள மினி யுபிஎஸ்ஸில் 22 வாட்-மணி இருக்கும். ரவுட்டர் 6 வாட் இழுத்தால், வழியில் வீணாவது போக, ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஃபைபர் பெட்டி தனி, ரவுட்டர் தனி என்று இரண்டு இருந்தால் அதில் பாதிதான். இரண்டையும் காப்பாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் காப்பாற்றிப் பயனில்லை.

கரண்ட் இல்லாத ஊரில் லைன் மட்டும் எப்படி உயிரோடு இருக்கும் என்று பலர் கேட்கிறார்கள். ஃபைபர் லைனில் பிஓஎன் என்ற முறையில், தெருவில் ஒளியைப் பிரித்துக்கொடுக்கும் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. உள்ளே இருப்பது கண்ணாடிதான். அந்தப் பக்கம் எக்ஸ்சேஞ்சில் பேட்டரி இருந்து, இந்தப் பக்கம் உங்கள் பெட்டிக்கும் கரண்ட் இருந்தால் லைன் வேலை செய்யும். சில இடங்களில் கேபிள்காரர் நடுவழியில் யார் வீட்டிலாவது சுவிட்ச் வைத்து அங்கிருந்து காப்பர் வயர் இழுத்திருப்பார். அந்த வீட்டில் கரண்ட் போனால் உங்கள் லைனும் போகும். அடுத்த முறை கரண்ட் போகும்போது பெட்டியில் பிஓஎன் விளக்கு அசையாமல் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தும் நெட் இல்லையென்றால் கோளாறு அதற்கும் மேலே எங்கோ. எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை, பெரும்பாலும் ஃபைபர் எங்கோ முறிந்திருக்கும். இதைப் பார்த்துவிட்டு லைன்மேனைக் கூப்பிட்டால், "அண்ணே, எல்ஓஎஸ் சிவப்பு" என்ற ஒரே வார்த்தையில் அவருக்கு விஷயம் புரிந்துவிடும். ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்று அவர் சொல்லி, நாம் போட்டுப் பார்த்து, அதில் போகும் அரைமணி நேரம் மிச்சம்.

இடி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மினி யுபிஎஸ் இடியிலிருந்து காப்பாற்றாது. இடி நெருங்கினால் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிடுங்கிய பிறகும் மினி யுபிஎஸ்ஸில் ரவுட்டர் ஓடும், லேப்டாப் தன் பேட்டரியில் ஓடும், வைஃபையில் வேலை நடக்கும். லேப்டாப்பில் நெட்வொர்க் கேபிள் செருகியிருந்தால் அதையும் கழற்றுங்கள்.

வீட்டிலிருந்து முற்றம் தாண்டி இன்னொரு கட்டிடத்துக்கு, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரைக்கோ மேல்விளையில் உள்ள அறைக்கோ, வெளியே காப்பர் நெட்வொர்க் கேபிள் இழுக்காதீர்கள். பக்கத்தில் இடி விழுந்தால் அந்தக் கேபிள் வழியாக இரண்டு பக்கத்துக் கருவிகளும் போகும். அங்கே லைன் வேண்டுமென்றால் ஃபைபரும் இரண்டு நுனியில் மீடியா கன்வெர்ட்டரும் போடலாம், அல்லது வயர்லெஸ் பாலம் வைக்கலாம். ஃபைபர்க் கண்ணாடி மின்சாரம் கடத்தாது. ஆனால் போஸ்டிலிருந்து வரும் ஃபைபர்க் கேபிளில் தாங்குவதற்கென்று பெரும்பாலும் ஒரு இரும்புக் கம்பி சேர்ந்திருக்கும். அது கடத்தும். அந்தக் கம்பியை வீட்டுக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள். தகரக் கூரையில் சுற்றிக் கட்ட விடாதீர்கள்.

வீட்டுக்குள் நெட்வொர்க்

பழைய வீட்டின் தடித்த சுவரில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை முட்டி நின்றுவிடும். 2.4 கொஞ்சம் ஊடுருவும், வேகம் குறையும். வேலைபார்க்கும் மேசைக்கு ஒரு கேட்-6 கேபிள் இழுப்பதே நல்லது. 100 மீட்டர் வரை போகலாம், எந்த வீட்டுக்கும் அது தாராளம். மச்சு வழியாக இழுத்தால் கட்டாயம் பிவிசி பைப்புக்குள் விடுங்கள், எலி சும்மா விடாது. கேபிள் முடியாதென்றால் 2.4-இல் சேனலை 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றாக வையுங்கள். நடுவில் உள்ள சேனல்கள் இரண்டு பக்கத்தோடும் மோதும்.

நெட் சரியில்லை என்று தோன்றினால் நான் செய்வது இது. முதலில் ரவுட்டருக்குப் பிங், அதாவது பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்ப்பது: ‘பிங் 192.168.1.1’. கேபிளில் ஒரு மில்லிசெகண்டுக்குக் கீழே வர வேண்டும், வைஃபையில் சில மில்லிசெகண்ட். இங்கேயே நூறு இருநூறு என்று துள்ளினால் லைன்காரரைத் திட்டிப் பயனில்லை, கோளாறு வீட்டுக்குள். அது சரியாக இருந்தால் வெளியே ஒரு எண்ணுக்கு: ‘பிங் 1.1.1.1’. அதுவும் வந்தால் ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு. எண்ணுக்கு வந்து பெயருக்கு வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னொரு சிக்கல் இங்கே அடிக்கடி பார்க்கிறேன். கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டர். அதற்குப் பின்னால் நாம் கடையில் வாங்கிய இன்னொரு ரவுட்டர். இரண்டும் 192.168.1 வரிசையிலேயே முகவரி கொடுத்தால் குழப்பம்தான். இரண்டாவதை, தான் முகவரி கொடுக்காத ஆக்சஸ் பாயிண்ட் மோடில் போடுங்கள். இல்லையென்றால் அதன் வரிசையை 192.168.57 என்பதுபோல அதிகம் புழங்காத எண்ணுக்கு மாற்றுங்கள். ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் போடும்போது அங்கேயும் 192.168.1 இருந்து மோதுவதும் இப்படி எண்ணை மாற்றினால் தீரும்.

வெளியிலிருந்து வீட்டுக் கணினிக்கு வர விரும்புகிறவர்கள், ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வேன் ஐபி, அதாவது வெளிப்பக்க முகவரி, என்ன என்று பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட் என்ற பொது மறைப்புக்குப் பின்னால் இருக்கிறீர்கள். போர்ட் ஃபார்வர்டிங்கில் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் நடக்காது. வாடகைச் சர்வர் ஒன்றை நடுவில் வைத்து வயர்கார்ட் என்ற விபிஎன் போடுங்கள்.

அறுந்தாலும் சாகாத திரை

என் ஸ்கிரிப்ட் அன்றைக்கு ஏன் செத்தது? எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்ததும் அந்தத் திரையில் ஓடிக்கொண்டிருந்த நிரலுக்கு ஹேங்அப் என்ற சிக்னலைச் சர்வர் அனுப்பும். டெலிபோன் லைன் வழியாகக் கணினியோடு பேசிய காலத்துப் பெயர் அது. போனை வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அது கிடைத்ததும் சாதாரண நிரல் தானே நின்றுவிடும். நிற்காமல் இருக்க, நிரலை நம் இணைப்போடு ஒட்டாத ஒரு திரைக்குள் ஓட்ட வேண்டும். அந்தத் திரைதான் டிமக்ஸ்.

சர்வருக்குள் நுழைந்ததும் ‘டிமக்ஸ் நியூ -எஸ் நகர்த்தல்’. நகர்த்தல் என்பது நாம் வைக்கும் பெயர். உள்ளே வேலையை ஓடவிடுங்கள். வெளியே வர கண்ட்ரோலோடு பி (b), விட்டுவிட்டு டி (d). வேலை உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். மறுபடி பார்க்க ‘டிமக்ஸ் அட்டாச் -டி நகர்த்தல்’. இந்த டி ஆங்கிலச் சின்ன t. லைன் அறுந்தாலும் இதே கதைதான். திரும்பி வந்து அட்டாச் செய்தால் விட்ட இடத்தில் நிற்கலாம். பலர் செய்யும் தவறு, டிமக்ஸைத் தன் லேப்டாப்பில் திறந்து அதற்குள்ளிருந்து எஸ்எஸ்எச் போடுவது. அது காப்பாற்றாது. டிமக்ஸ் சர்வரில் ஓட வேண்டும்.

உறைந்த திரையை எப்படி மூடுவது? ஜன்னலையே மூட வேண்டாம். எண்டர் தட்டுங்கள், பிறகு ~ குறி, பிறகு புள்ளி. எஸ்எஸ்எச் தானே இணைப்பை வெட்டிக்கொண்டு வெளியே வரும். இந்த மூன்று விசையைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எத்தனை முறை உபயோகித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அதோடு, ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் புள்ளி-எஸ்எஸ்எச் ஃபோல்டருக்குள் கான்ஃபிக் கோப்பில் சர்வர்-அலைவ்-இன்டர்வல் 30, சர்வர்-அலைவ்-கவுண்ட்-மேக்ஸ் 4 என்று இரண்டு வரி போடுங்கள். பெயர்களை இடைவெளியோ கோடோ இல்லாமல் சேர்த்தே எழுத வேண்டும். 30 செகண்டுக்கு ஒருமுறை நாடி பார்க்கும். நான்கு முறை பதில் இல்லையென்றால், அதாவது இரண்டு நிமிடத்தில், தானே விட்டுவிடும். சும்மா இருக்கும் இணைப்பை நடுவில் உள்ள ரவுட்டர்கள் மறந்துபோவதையும் இது தடுக்கும்.

ஃபைபர் போய் போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறும்போது நம் ஐபி முகவரி மாறும், எஸ்எஸ்எச் அறும். எஸ்எஸ்எச் போலவே சர்வரோடு பேச உதவும் மோஷ் என்ற கருவி அறாது. அது யுடிபி வழியாகப் பேசுவதால் முகவரி மாறினாலும் பேச்சைத் தொடரும். சர்வரிலும் மோஷ் நிறுவி, 60000 முதல் 61000 வரை உள்ள யுடிபி போர்ட்டுகளைத் திறந்துவைக்க வேண்டும். ஆபீஸ் சர்வரில் அதற்கு அனுமதி கிடைக்காவிட்டால் டிமக்ஸே போதும்.

ஹாட்ஸ்பாட்டுக்கு மாறும்போது யுஎஸ்பி டெதரிங் வைஃபையைவிட நிலையாக இருக்கும். ஆனால் போன் லேப்டாப் பேட்டரியிலிருந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், கரண்ட் இல்லாத நேரத்தில் இதை நினைவில் வையுங்கள். அந்த இணைப்பை மீட்டர்ட் என்று குறித்துவையுங்கள். இல்லையென்றால் அப்டேட்டுகள் உங்கள் அன்றாட டேட்டாவை ஒரே மூச்சில் குடித்துவிடும்.

கோட்

கோடில் செய்த மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவி கிட். அதை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கினார். அதன் அமைப்பே நமக்கு ஏற்றது: நம் லேப்டாப்பில் இருப்பது முழு வரலாறு. கமிட் போட, அதாவது ஒரு மாற்றத்தை அந்த வரலாற்றில் பதிய, நெட் தேவையில்லை. ஆகவே சின்னச் சின்னதாக, அடிக்கடி கமிட் போடுங்கள். ஸ்டாஷில் ஒதுக்கி வைப்பதை நான் அவ்வளவாக விரும்பவில்லை. கமிட்டுகளை வெளிச் சர்வருக்கு அனுப்பும் புஷ் செய்யும்போது ஸ்டாஷ் வெளியே போகாது, லேப்டாப்போடு சேர்ந்து அதுவும் போய்விடும். பாதி வேலையானாலும் தனிக் கிளையில் ஒரு கமிட்டாகப் போட்டு, லைன் இருக்கும்போதே புஷ் செய்யுங்கள். பிறகு அழகாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

குலசேகரத்திலிருந்து ஒரு தம்பி ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டான். கமிட்டுகளை இன்னொரு கிளைமேல் அடுக்கும் ரீபேஸ் நடுவில் குழம்பி, கிளையைப் பின்னால் இழுக்கும் ‘ரீசெட் ஹார்ட்’ போட்டிருக்கிறான்.

"அண்ணே, மூணு நாள் கமிட் எல்லாம் போச்சு."

"மக்கா, ஒண்ணும் தட்டாத. கைய எடு. இப்ப ‘கிட் ரெஃப்லாக்’ மட்டும் போடு. என்ன வருது?"

"நெறைய வரி வருது."

"ரீசெட்டுன்னு இருக்க வரிக்குக் கீழ, உன் கடைசி கமிட் மெசேஜ் தெரியுதா பாரு."

தெரிந்தது. அந்த வரியின் முன்னால் உள்ள ஏழு எழுத்தை வாசிக்கச் சொல்லி, ‘கிட் பிராஞ்ச் மீட்பு’ என்று தட்டி அதன் பின்னால் அந்த ஏழு எழுத்தையும் போடச் சொன்னேன். மூன்று நாள் வேலையும் மீட்பு என்ற புதிய கிளையில் நின்றது. போனில் அவன் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

கமிட் போட்டது எதுவும் உடனே அழிவதில்லை. எந்தக் கிளையிலிருந்தும் எட்டாமல் போன கமிட்டைக்கூட, கிளைகளின் நகர்வைக் குறித்துவைக்கும் ரெஃப்லாக் வழக்கமான அமைப்பில் 30 நாள் நினைவில் வைத்திருக்கும், மற்றவற்றை 90 நாள். கமிட் போடாமல் ‘ஆட்’ மட்டும் செய்த கோப்பாக இருந்தால் ‘கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட்’ போட்டுத் தேடலாம், உள்ளடக்கம் கிடைக்கும், கோப்பின் பெயர் கிடைக்காது. ஆட் கூடச் செய்யாததை கிட்டால் திருப்பித் தர முடியாது. எடிட்டரின் சொந்த வரலாற்றில் தேடுங்கள்.

பேட்டரி இல்லாத டெஸ்க்டாப்பில் கமிட் எழுதும் நொடியில் கரண்ட் போனால் கிட்டின் உள்கோப்பு சில வெறுமையாகிவிடலாம். ‘கிட் எஃப்எஸ்சிகே’ அதைக் காட்டும். ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முயலாமல், புஷ் செய்துவைத்த வெளிச் சர்வரிலிருந்து (ரிமோட்) புதிதாக ஒரு குளோன், அதாவது முழு நகல், எடுத்து, வேலைக் கோப்புகளை மட்டும் அதில் நகல் எடுப்பது நல்லது. பழைய ஃபோல்டரை ஒரு மாதம் அழிக்காமல் வையுங்கள்.

பெரிய ரெப்போவை, அதாவது கோட் களஞ்சியத்தை, குளோன் செய்யும்போது லைன் அறுந்தால் கிட் முதலிலிருந்துதான் தொடங்கும். அதனால் ‘கிட் குளோன் --டெப்த் 1’ என்று மேலோட்டமாக எடுத்துவிட்டு, பிறகு ‘கிட் ஃபெட்ச் --டீப்பன் 500’ என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆழப்படுத்துங்கள், முடிவில் ‘--அன்ஷாலோ’. சர்வரில் கை வைக்க முடிந்தால் அங்கே ‘கிட் பண்டில்’ போட்டு ஒரே கோப்பாக்கி ‘ஆர்சிங்க் -ஏவிபி’ மூலம் இறக்கலாம். அதில் வரும் பி ஆங்கிலப் பெரிய P. அறுந்தாலும் இறங்கிய பாதியை வைத்துக்கொள்ளச் சொல்வது அதுதான். தளங்களிலிருந்து இறக்கும் கோப்புக்கு ‘கர்ல் -சி - -ஓ’, பெரிய C, பெரிய O.

பத்தாயம்

எங்கள் வீட்டில் நெல் போட்டுவைத்த பத்தாயம் இன்னும் இருக்கிறது. அதன் மேல் பழைய லேப்டாப் ஒன்று லினக்ஸோடு ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கும் அதே பெயர். பழைய லேப்டாப்பில் பேட்டரி உள்ளேயே இருப்பதால் தனி யுபிஎஸ் வேண்டாம். பேட்டரி வீங்கியிருக்கிறதா என்று மட்டும் மாதம் ஒருமுறை அடிப்பக்கத்தைப் பாருங்கள்; வீங்கினால் உடனே கழற்றிவிடுங்கள்.

ரவுட்டரில் ஐபி முகவரி பகிரும் டிஎச்சிபி பக்கத்தில், இந்த லேப்டாப்பின் நெட்வொர்க் அடையாளமான மேக் முகவரிக்கு ஒரு நிலையான ஐபி ஒதுக்குங்கள். லேப்டாப்பில் ‘கிட் இனிட் --பேர்’ போட்டு ஒரு வெற்று ரெப்போ உண்டாக்குங்கள். வேலை லேப்டாப்பில் ‘கிட் ரிமோட் ஆட் பத்தாயம்’ என்று அதன் எஸ்எஸ்எச் முகவரியைச் சேருங்கள். இனி ‘கிட் புஷ் பத்தாயம்’. வெளி லைன் அறுந்து கிடந்தாலும் ரவுட்டரில் கரண்ட் இருக்கும்வரை வீட்டுக்குள் நெட்வொர்க் உயிரோடுதான் இருக்கும், அதனால் இந்தப் புஷ் நடக்கும். கம்பெனியின் கோட் என்றால் வீட்டில் வைக்க முதலில் அனுமதி கேளுங்கள், டிஸ்கை என்கிரிப்ட் செய்யுங்கள். இந்த இரண்டிலும் சமரசம் வேண்டாம்.

ஒத்திகை

எல்லாம் முடிந்ததும் மழையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். சர்வரில் டிமக்ஸுக்குள் ஒரு நீண்ட வேலையை ஓடவிட்டுக்கொண்டே செய்யுங்கள். ரவுட்டர் அணையவில்லையா, பிஓஎன் விளக்கு அசையாமல் எரிகிறதா, பத்தாயத்துக்குப் புஷ் போகிறதா என்று பாருங்கள். பிறகு ஃபைபர் பெட்டியை மட்டும் அணைத்துப் போனுக்கு மாறி, சர்வருக்குள் போய் அட்டாச் செய்யுங்கள். கடைசியாக மினி யுபிஎஸ் எப்போது தீர்கிறது என்று கடிகாரம் வைத்துக் குறியுங்கள். எனக்குப் புதிதாக வாங்கியபோது 2 மணி 50 நிமிடம் வந்தது, போன மாசியில் 2 மணி 15. இரண்டு எண்ணையும் தேதியோடு ஒரு துண்டுப் பேப்பரில் எழுதி அதன் முதுகில் ஒட்டியிருக்கிறேன். ஒன்றரை மணிக்குக் கீழே வந்ததும் புதியது வாங்குவேன். அடுத்த ஒத்திகை புரட்டாசியில், ஐப்பசி மழை இறங்கும் முன்னால்.